முடிச்சவிழ்க்கி கருத்தையா

கண்டரமாணிக்கத்துப் பக்கத்தில் வண்டிக்காரர் கருத்தையாவை முடிச்சவிழ்க்கி என்றுதான் சொல்வார்கள். பிறத்தியான் மடியில் ஒரு வெற்றிலைக் காம்பைக்கூடத் தொட்டறியாத மனுஷனுக்கு இப்படி ஒரு பட்டம்! மாசி மஞ்சுவிரட்டில் அடிபட்டுக் கிடக்கிறவர்களின் இடுப்புத் துண்டை, அவர்கள் திட்டத் திட்ட, அவிழ்த்துப் பார்ப்பார். அதனால் வந்த பேர். கூப்பிட்டால் கோபப்பட மாட்டார், 'என்னய்யா' என்று திரும்பிப் பார்ப்பார். அந்தப் பேர் தனக்கு வேண்டியதுதான் என்று அவருக்குள் ஓர் எண்ணம் இருந்தது.

செட்டிமார் வீடு கட்டுவதற்குத் தேக்கும் சுண்ணாம்பும் ஏற்றி வருவதுதான் அவர் பிழைப்பு. மஞ்சுவிரட்டு அன்று மட்டும் வண்டியில் வைக்கோலைப் பரப்பிப் பொட்டல் ஓரத்தில் நிறுத்திவிடுவார். குத்துப்பட்டவர்களை ஏழு மைல் தள்ளியிருந்த தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்தால் இரண்டு பேருக்குத்தான் இடம். போய்த் திரும்ப அரை நாள் ஆகிவிடும். ஆகையால் யாரை முதலில் ஏற்றுவது என்பது சின்ன விஷயமா? ஆரம்பத்தில் கருத்தையா அதைச் சின்ன விஷயமாகத்தான் நினைத்தார். எவன் கூடுதலாகக் கத்துகிறானோ அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

ஜெர்மன் சண்டை முடிந்த மறுவருஷம் வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

அந்தப் பக்கத்தில் மாட்டுக் கொம்பில் துண்டு கட்டி அவிழ்த்துவிடுவார்கள். துண்டை எடுத்தவன் அதைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்வான். வீட்டு வாசலில் தாயோ பெண்டாட்டியோ ஆலத்தி சுற்றி அவிழ்க்கிற வரைக்கும் வேறொருத்தர் கை அதில் படக் கூடாது. பட்டால் வெட்டுக்குத்துத்தான். அந்த வருஷம் பெரிய காளையின் துண்டை எடுத்தவன் முத்துவீரன். கருத்தையாவின் சித்தப்பா மகள் சின்னக்கண்ணுவைக் கட்டியவன். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல சிவப்புத் துண்டு. அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு பனைமரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாப்ளே, அடி கிடி பட்டுச்சா?"

"ஒண்ணுமில்ல மச்சான், லேசா ஒரசிருச்சு. ஒரு வாய் தண்ணி குடுங்க."

"இப்படி வேர்த்துக் கொட்டுதே?"

"ஓடுனதுல."

கருத்தையா தண்ணீர் கொடுத்தார். அங்குட்டு சோணை என்பவன் தோள்பட்டை இறங்கி, "ஐயோ செத்தேன், என்னைப் பெத்தவளே!" என்று ஊரையே கூட்டிக்கொண்டிருந்தான். அவனை ஏற்றிக்கொண்டு மாட்டை விரட்டினார். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் குருநாதன் சோணையின் கையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். தோள் ஏறிவிட்டது. அடுத்த நிமிஷம் அந்தப் பாவி மகன் வெற்றிலை இருக்கா என்று கேட்டான்.

பொழுது சாய அவர்கள் திரும்பி வந்தபோது முத்துவீரன் உயிரோடு இல்லை. பனைமரத்தடியில் தூங்குகிறான் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். துண்டை எடுத்த களைப்பு என்று பேசிச் சிரித்திருந்தார்கள். வீட்டு வாசலில் சின்னக்கண்ணுதான் அந்த முடிச்சை அவிழ்த்தாள். அடிவயிற்றில் மூன்று விரல் போகிற ஓட்டை. சிவப்புத் துண்டில் ரத்தம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

அவள் அழுவதற்கு முன்னால் கருத்தையாவைத் தேடிப் பிடித்துக் கேட்டாள்.

"அவுகளை நீங்க பாத்தீகளாண்ணே?"

"பாத்தேன் தாயி."

"பாத்துட்டுத்தான் போனீகளா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். தீபாவளிக்கு அவர் எடுத்துக் கொடுத்தனுப்பிய சேலை மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. கூடப் பிறக்காவிட்டாலும் ஒரே முற்றத்தில் வளர்ந்த பிள்ளை. அந்த மனுஷனுக்குச் சோறு இறங்குமா?

கருமாதி முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குருநாதன் முன்னால் நின்றார். நடந்ததையெல்லாம் சொன்னார். கம்பவுண்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கத்துறவனுக்குக் கத்தத் தெம்பு இருக்குய்யா! தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டு, வேர்த்துப்போயி, சத்தங்காட்டாம உக்காந்திருக்கான் பாரும், அவன்கிட்டல்ல மொதல்ல போயிருக்கணும்?"

கருத்தையாவின் கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. குருநாதன் அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கை சில்லிட்டிருக்கிறதா பார். நகத்தை அமுக்கிவிட்டு விடு, சிவப்பு உடனே திரும்புகிறதா பார். வயிறு பலகை மாதிரி இருக்கிறதா பார். வயிற்றில் குத்து என்றால் தண்ணீர் கொடுக்காதே. ரத்தம் வருகிற இடத்தில் துணியை வைத்து அமுக்கினால் ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் கையை எடுக்காதே. புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பேச்சுக் கொடுத்துப் பார். எழுதப் படிக்கத் தெரியாத கருத்தையா விரல் விட்டு எண்ணி எண்ணி மனப்பாடம் பண்ணிக்கொண்டார்.

அடுத்த மாசியிலிருந்து பொட்டலில் புதுக் கூத்து ஆரம்பித்தது. கத்துகிறவர்களைத் தாண்டிப் போய்விடுவார். எவன் மரத்தடியில் சும்மா சாய்ந்திருக்கிறானோ அவன் முன்னால் குந்தி உட்காருவார். கேள்வி மூன்று.

"ஒம் பேரு என்ன? நீ யாரு மகன்? பக்கத்துல இருக்கிறது யாரு?"

கேட்டுக்கொண்டிருக்கும்போதே கை முடிச்சுக்குப் போய்விடும். "ஒண்ணுமில்ல" என்ற சொல்லை மட்டும் அவர் நம்பியதே கிடையாது. அப்படிச் சொன்னவனிடம் இன்னும் அவசரமாக அவிழ்ப்பார். எடுத்த துண்டில் கை வைத்ததற்காக நெற்குப்பைக்காரன் ஒருத்தன் கன்னத்தில் பளாரென்று விட்டான். அறைந்த கையோடு மயங்கியும் விழுந்தான். இடுப்புக்கு மேலே குத்து இருந்தது. பிழைத்து எழுந்த பிறகு வாழைத்தாரோடு வந்து காலில் விழுந்தான். சோணையோ அந்தப் பழைய நாளிலிருந்து அவரை விட்டுப் போகவே இல்லை. "நான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா முத்துவீரன் பொழச்சிருப்பானேண்ணே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான். வருஷா வருஷம் ஆட்களைத் தூக்கிவிடவும் மாட்டைப் பூட்டவும் அவன்தான்.

சின்னக்கண்ணு பொட்டல் ஓரத்தில் மோர்ப்பானை வைத்து விற்பாள். அண்ணன் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்க்காதவள் மாதிரி இருந்தாள்.

ஒன்பதாவது வருஷம், வெயில் ஏறிய நேரம். வண்டியில் இரண்டு பேரை ஏற்றியாகிவிட்டது. ஒருத்தனுக்குத் தொடை கிழிந்து ரத்தம் நிற்கவில்லை. இன்னொருத்தனுக்குக் கணுக்கால் முறிந்து ஒரே கூச்சல். அந்த நேரம் பார்த்து ஒரு காளை மிரண்டு திரும்பி வண்டிகளுக்குள் புகுந்தது. குனிந்து நுகத்தடியைப் பிடித்திருந்த கருத்தையாவை விலாவுக்குக் கீழே ஓர் இடி இடித்துவிட்டுப் போனது. குத்திய மாதிரியே தெரியவில்லை. தள்ளிவிட்ட மாதிரிதான் இருந்தது. தொட்டுப் பார்த்தார். கை நனைந்தது.

தான் படுத்தால் தொடை கிழிந்தவன் ஏழு மைல் எப்படிப் போவான்? அந்த ஒரு நினைப்புத்தான் அவருக்கு வந்தது. தலைத்துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கி முடிந்தார்.

"அண்ணே, மாடு பட்டுச்சா?" என்று ஓடி வந்தான் சோணை.

"ஒண்ணுமில்லடா. நீ மாட்டைப் பூட்டு."

ஏறி உட்கார்ந்தார். நாக்கு வறண்டது. யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே, "ஒரு வாய் தண்ணி" என்றார்.

கேட்டது மோர்ப்பானைக்குப் பக்கத்தில். சின்னக்கண்ணு குவளையை முக்கிவிட்டாள். முக்கிய கை அப்படியே நின்றது. அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. குவளையைக் கீழே போட்டுவிட்டு வண்டிச் சட்டத்தைப் பிடித்து ஏறினாள். ஊரே பார்க்க அவர் இடுப்பு முடிச்சில் கையை வைத்து அவிழ்த்தாள்.

"அடேய் சோணை, இங்குட்டு வாடா! கத்துற ஆளைக் கீழ எறக்கு. அவன் அடுத்த வண்டியில வரட்டும். நீ மாட்டை ஓட்டு!"

கருத்தையா பிழைத்துக்கொண்டார், அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஏழு மைலும் அவள் முந்தானையைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்து அமுக்கிய கையை எடுக்கவில்லை. இரண்டாவது மைல் தாண்டும்போது அவர் கண் சொருகியது. அவள் கன்னத்தில் தட்டினாள்.

"கண்ணைத் தொறங்க. ஒங்க பேரு என்ன?"

"கருத்தையா."

"யாரு மகன்?"

"சேவுகன் மகன்."

அவள் முந்தானையை இன்னும் அழுத்திப் பிடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பக்கத்துல இருக்கிறது யாரு?"

கருத்தையா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"என் தங்கச்சி" என்றார்.

"ஆமாண்ணே" என்றாள் சின்னக்கண்ணு.