அடி தட்டாத பானைகள்

விழுப்புரம் ஸ்டேஷனில் காலை ஏழு மணிக்கு டிக்கெட் ஜன்னலில், "திண்டிவனம் ஒண்ணு" என்று முணுமுணுத்தேன்.

"சத்தமா சொல்லுங்க" என்றார் உள்ளே இருந்தவர்.

எங்கள் தெருக்காரர் யாராவது பின்னால் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி சொன்னேன். பானை செய்கிறவனே பானை வாங்க ரயிலேறினால் ஊர் சிரிக்காதா?

ஐப்பசி அடைமழைக்கு நடுவே இரண்டு நாள் வெயில் அடித்ததை நம்பிச் சூளை வைத்தேன். சரியாகக் காயாத பானைகள், தீ ஏறியதும் பட்டாசாக வெடித்தன. எங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றுக்குச் செய்திருந்தவையும் அதில் போயின. புதிதாகச் செய்ய மண் இல்லை. மண் எடுக்கும் ஏரி நிரம்பிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மேளத்தோடு பானை செய்கிறவன் வாசலுக்கே வந்து, அரிசியும் வெற்றிலையும் வைத்துப் பானைகளை எடுத்துப் போவார்கள். கார்த்திகைக் கடைசியில் அவர்கள் வரும்போது என் வாசலில் உடைந்த ஓடுகள்தான் கிடக்கும்.

உலகச் சண்டைக் காலம். மூன்றாம் வகுப்பு முழுக்கப் பட்டாளத்துக்காரர்களின் பெட்டிகள். ஏழணா கொடுத்து இருபத்துநாலு மைலும் நின்றே போனேன். திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் மாட்டு வண்டியில் இடம் கிடைத்தது. நான் போக வேண்டிய பெருமுக்கல் அங்கிருந்து ஆறு மைல்.

"இன்னா வேலயா போறீங்க?" என்றார் வண்டிக்காரர்.

"சும்மாதான்."

"சும்மா போற ஆளு மூஞ்சியா இது?"

பெருமுக்கல் மலை தெரியும்வரை மாட்டுக் கொம்புகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பகல் பதினொரு மணிக்கு அங்கே ஒரு சூளைக்காரர் வீட்டை விசாரித்துப் போனேன். அவர் கழியால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். மனைவி அஞ்சலையம்மாள் பானைகளுக்கு அடி தட்டிக்கொண்டிருந்தார். பலருக்கு இது தெரியாது: சக்கரத்திலிருந்து இறங்கும் பானைக்கு வாயும் கழுத்தும் உண்டு, அடி கிடையாது. நிழலில் பாதி காய்ந்ததும் உள்ளே உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டுவோம். மண் விரிந்து விரிந்து ஓட்டை மூடிக்கொள்ளும்.

"யாவாரத்துக்கு வாங்கறீங்களா?" என்று அஞ்சலையம்மாள் கேட்டார். தலையை ஆட்டி வைத்தேன். சுட்ட பானை ஒன்றை இடது கை விரல் நுனிகளில் நிறுத்திச் சுண்டிப் பார்த்தேன். கணீரென்றது. அவர் தட்டுவதை நிறுத்தினார்.

"வாங்க வர்றவங்க தரையில வெச்சுத் தட்டுவாங்க. நீங்க வெரல்ல நிறுத்திச் சுண்டறீங்க. எந்த ஊர்ல சூள வெக்கிறீங்க?"

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. அது இன்னும் கூச்சமாக இருந்தது.

"சுட்டதத் தூக்கிக்கினு போனா நீங்க வாங்கினவரு" என்று பலகையையும் கல்லையும் என்னிடம் நீட்டினார் அஞ்சலையம்மாள். "பச்சப் பானைக்கு அடி தட்டிக்கினு போங்க. அப்ப செஞ்சவரு."

எங்கள் வீட்டில் அடி தட்டுவது என் மனைவி. என் முதல் தட்டிலேயே ஒரு பானை கிழிந்தது. "ஜல்தி வாணாங்க" என்று அஞ்சலையம்மாள் ஈர மண் வைத்து ஒட்டிக் கொடுத்தார்.

பானைகள் அடுப்புக்கு மேலே பரணில் புகையில் காய்ந்து, காவி பூசப்பட்டு, அவர்கள் சூளையிலேயே வெந்து இறங்கும்வரை அங்கே தங்கினேன். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். ருசியாகத்தான் இருந்தது, நான்தான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

புறப்படும்போது, வண்டியில் பானைகளுக்கு நடுவே வைக்கோலைத் திணித்தபடி அஞ்சலையம்மாள் சொன்னார்: "எங்க சூளயும் ஒரு தபா வெடிச்சுதுங்க. வெக்கப்பட்டுக்கினு யாராண்டயும் போவல. மேளத்தோட வந்தவங்க வெறுங்கையா திரும்பினாங்க. அந்தப் பொண்ணு மொகம் இன்னும் கண்ணுலயே நிக்குது."

குறித்த நாளில் பெண் வீட்டார் என் வாசலுக்கு வந்தார்கள். "ஒங்க கைன்னா கைதான்" என்று பெண்ணின் தாயார் பானையின் வாயைத் தடவினார். மேளக்காரர் குச்சியை ஓங்கிவிட்டார். "கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். முகம் தீயாய் எரிந்தது. "வாயும் கழுத்தும் பெருமுக்கல்காரங்க செஞ்சது. அடி மட்டுந்தான் நானு."

தெருவே என்னைப் பார்த்தது. அந்த அம்மாள் தட்டிலிருந்த அரிசியை இரண்டு கூறாக்கினார். வெற்றிலையையும் பிரித்தார். ஒரு பங்கைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார்.

"இத அவங்களாண்ட சேத்துடுங்க."

மறுநாள் காலை அந்த முடிச்சோடு அதே ஜன்னலில் நின்றேன். எனக்குப் பின்னால் எங்கள் தெருக்காரர் இருவர் இருந்தார்கள். "திண்டிவனம் ஒண்ணு" என்றேன். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "காது கேக்குதுங்க, மெதுவாவே சொல்லலாம்" என்றார்.