ஈரத்தை மோந்து பிடிப்பவர்

சாவியை நீட்டினால் வாங்கமாட்டார். முதலில் வண்டியைச் சுற்றி ஒரு நடை. பிறகு குனிந்து, பெட்ரோல் டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே மூக்கை நுழைத்து ஒரு நீண்ட மூச்சு. “ராத்திரி பூரா வெளியில நின்னுருக்கு. இடப்பக்கமாச் சாஞ்சு நின்னுருக்கு” என்பார். வண்டிக்காரர் வாயைப் பிளப்பார். சக்கரத்தில் சேறு வழிந்து காய்ந்திருக்கும் திசையைப் பார்த்துத்தான் சொல்கிறார். பேர் மட்டும் மூக்குக்கு.

மோட்டார் சைக்கிளின் ஒயர், விளக்கு, ஹாரன், பொறி இவைதாம் அவர் ராஜ்ஜியம். எஞ்சின் எண்ணெயைத் தொடமாட்டார். ஊரே அவரைக் ‘கரண்ட்டு’ என்று கூப்பிடுகிறது. வெயில் நாளில் கொட்டகையில் ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மழைக்கு மறுநாள் காலையில் பார்க்க வேண்டும்: தும்மும் வண்டி, இருமும் வண்டி, மூச்சே விடாத வண்டி எல்லாம் ஆஸ்பத்திரி வரிசையாக நிற்கும். என் சமையலறை ஜன்னல் அவர் கொட்டகைக்கு நேர் எதிரே இருப்பதால் நான் எழுதுவதில் முக்கால்வாசி கண்ணால் கண்டது. மீதிக் கால்வாசி எது என்று கேட்கக் கூடாது.

ஆயுதங்கள் சொற்பம்: ஒரு பழைய பல்துலக்கி, சவரப் பிளேடு, கொஞ்சம் ஸ்பிரிட், ஒரு சைக்கிள் பம்ப். ஒயர் முனைகளை வாயால் ஊதும் மெக்கானிக்குகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. “வாய்க்காத்துல ஈரம் இருக்குய்யா. மழை பாதி நனைச்சுது, மீதியை நீ நனைக்கிறியா?” என்பார். ஒரு முறை முகப்பு விளக்கைக் கழற்றியபோது உள்ளே மீன்குஞ்சு நீந்திக்கொண்டிருந்ததாம். தவளை என்பது என் கட்சி. அது அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டதையும் நான் பார்த்தேன்.

இத்தனை கைராசிக்காரரிடம் ஒரே ஒரு ஒயர் கிடையாது: தப்பை ஒப்புக்கொள்ளும் ஒயர். ஒரு தடவை பிரேக் விளக்குக்குப் போக வேண்டியதை ஹாரனுக்குக் கொடுத்துவிட்டார். பிரேக் பிடித்தால் போதும், வண்டி அலறும். இரண்டு நாளில் அந்தத் தெரு நாய்களெல்லாம் ஓரமாக வரிசையில் நடக்கப் பழகிவிட்டன. வண்டிக்காரர் வந்து சத்தம் போட்டபோது, “பாதுகாப்புக்குன்னு வச்சது. வேணாம்னா எடுத்துடறேன்” என்றார், முகத்தில் ஒரு கோடு அசையாமல். கொட்டகையை ஒட்டிய அறையில் தையல் மெஷின் ஓட்டும் அவர் மனைவி சொல்வது: “கட்டிக்கிட்டு இருபத்தாறு வருஷம். ‘தப்பு என்னுது’ங்கிற வார்த்தையை இந்த வாயிலேருந்து கேட்டதே இல்லை. சொன்னா பல்லு கொட்டிடும்னு பயம்.”

போன வாரம் விடிய விடிய மழை. காலை ஒன்பது மணிக்கு நர்ஸ் ஒருத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பின்னால் இரும்புச் சட்டத்தில் நீலப் பெட்டி. உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பது தாய்மார்கள் பிள்ளைகளோடு காத்திருக்கிறார்கள். மழையில் பஸ் நின்றுபோயிற்று. இரு சக்கரம் மட்டும்தான் போகும்.

“பத்தரைக்குள்ள கிளம்பிடணும் அண்ணே. அதுக்கு மேல ஐஸ் தாங்காது. தாங்கலேன்னா அத்தனை மருந்தும் குப்பைக்குத்தான். அடுத்த சரக்கு வர ஒரு மாசம்.”

“வேற வண்டி கிடைக்கலையா, சிஸ்டர்?”

“ஓடுற வண்டியெல்லாம் வேலைக்குப் போயிடுச்சு. ஓடாததெல்லாம் இங்க நிக்குது.”

வரிசையில் முன்னால் நின்றவர்கள் தாங்களாகவே வண்டியை ஒதுக்கி வழிவிட்டார்கள். நடை முடிந்தது. மோந்து பார்க்கும் மூச்சும் முடிந்தது. “ராத்திரி வண்டியை மூடி வச்சீங்களா?”

“நல்லா பிளாஸ்டிக் போட்டு, கயிறு கட்டி, ஒரு சொட்டு இறங்காம மூடினேன்” என்றாள், பாராட்டை எதிர்பார்த்து.

“சூட்டோட மூடினீங்க. எஞ்சின் சூட்டுல ஈரமெல்லாம் ஆவியாச்சு, போக வழியில்லாம வண்டி மேலயே வேர்த்து இறங்கிடுச்சு. மழை நனைக்கல, சிஸ்டர். நீங்க நனைச்சிருக்கீங்க.” கொட்டகையே சிரித்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

ப்ளக்கைக் கழற்றி, மூடியோடு சேர்த்து எஞ்சின் உடம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு, அவளைக் கிக்கரை உதைக்கச் சொன்னார். பொறி வரவில்லை. மூடிக்குள்ளே முத்து முத்தாக ஈரம். “சொன்னேன்ல?” துடைத்து, பம்ப் அடித்து, திரும்பப் பார்த்தார். இல்லை. சாவித் துவாரம், கைப்பிடி ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் பம்ப். இல்லை. மணி ஒன்பதே முக்கால். அவள் பெட்டியைத் திறக்கவில்லை. திறந்தால் குளிர் போய்விடும். மூடிமேல் உள்ளங்கையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றாள், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல.

அவர் அவசரப்படவில்லை. சீட்டைக் கழற்றினார், டேங்கைத் தூக்கினார். ஒயர்க் கற்றையை விரலால் தடவிக்கொண்டே போனார். இரண்டு கற்றைகள் சேரும் பிளாஸ்டிக் கூட்டில், கப்ளர் என்பார்களே, அதில் வந்து விரல் நின்றது. அதன்மேல் மேலிருந்து கீழ்வரை மஞ்சள் டேப், பட்டுப்புழுக் கூடு மாதிரி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. மஞ்சள் டேப் உபயோகிப்பவர் இந்த ஊரிலேயே ஒருவர்தான். இந்த மழைக்காலத்துக்கென்று போன மாதம்தான் அந்தப் புது ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தார்.

பிளேடை வைத்தார். உள்ளேயிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் அவர் மணிக்கட்டில் வழிந்தது. ஓட்டும்போதெல்லாம் ஒயர் வழியாக மேலிருந்து இறங்கிய மழை, அடியில் டேப் அடைத்திருந்ததால் போக வழியில்லாமல் கிண்ணத்தில் நிற்பதுபோல் நின்றிருக்கிறது. உள்ளே செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். பல்துலக்கியால் பச்சையைத் தேய்த்து, ஸ்பிரிட் விட்டுக் கழுவி, பம்ப் அடித்து, வாய் கீழே பார்க்கும்படி கூட்டைப் பூட்டினார். அடுத்த உதையில் நீலமாக, நறுக்கென்று ஒரு பொறி.

“என்ன கோளாறு அண்ணே?”

“தண்ணி தேங்கிருந்துது.”

“நான் மூடினதாலயா?”

அவர் இருமினார். “அது கொஞ்சம்தான். எவனோ டேப்பை வழியடைச்சுச் சுத்தியிருக்கான்.”

“எவன் அவன்? என் வண்டியை உங்களைத் தவிர யாருமே தொட்டதில்லையே அண்ணே?”

தையல் மெஷின் நின்றது.

“ஐஸ் உருகுது, சிஸ்டர். கிளம்புங்க.”

மணி பத்து இருபது. வண்டி ஆற்றுப் பக்கம் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கதவருகில் வந்தாள். சட்டைப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மஞ்சள் வாலைப் பார்த்தாள். “அதே மாதிரி இன்னும் எத்தனை வண்டிக்குச் சுத்தியிருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

அவர் வரிசையில் நின்ற வண்டிகளை அப்படியே விட்டுவிட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெரு ஓரத்தில் போட்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. சீறிக்கொண்டு வந்த பால்காரர் வண்டிக்குக் குறுக்கே எழுந்து நின்று கையைக் காட்டினார்.

“என்னண்ணே? வண்டி சூப்பரா ஓடுதே!”

“தெரியுது. இறங்கு.”

“பால் லேட்டாயிடும்ணே! நல்லா இருக்கிற வண்டியை எதுக்குக் கழட்டறீங்க?”

அவர் நடுத்தெருவில் சீட்டைக் கழற்றி, டேங்கைத் தூக்கி, மஞ்சள் சுற்றின் அடியில் பிளேடால் ஒரு கீறல் போட்டார். கீழே இடது கையைக் குழித்துப் பிடித்தார். சொட்டுச் சொட்டாக வடிந்து முடிந்ததும் எழுந்து, பால்காரர் முகத்துக்கு நேரே ஈர உள்ளங்கையை நீட்டினார்.