முத்துச்சிப்பியில் ஒரு பச்சை விளிம்பு

சாத்தான்குளத்துப் பள்ளியில் பதினான்கு வருஷம் உயிரியல் நடத்திய ஈவாஞ்சலின், நாற்பத்திரண்டாம் வயதில் வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு ஆராய்ச்சி செய்யப் போனபோது சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கணவர் செல்வின் மட்டும், "நீ போ, பிள்ளைகள நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

முத்துச்சிப்பியின் கரு பதினாறு செல்லாக இருக்கும்போது, எந்தச் செல்லின் வழிவந்தவை பின்னால் சிப்பியின் மேலோட்டையும் முத்தையும் சுரக்கிற மெல்லிய சதையாகின்றன என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். மயிரினும் மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஒரே ஒரு செல்லுக்குள் பச்சையாக ஒளிரும் சாயத்தைச் செலுத்துவாள். செல் பிரியப் பிரிய, சாயமும் கூடவே போகும்.

ஆனால் கருக்கள் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. சாயம்தான் கொல்கிறதோ என்று சாயம் போடாமலும் வளர்த்துப் பார்த்தாள். அவையும் செத்தன. ஒரு பருவமே வீணாயிற்று.

ஆய்வகத்துக்குச் சிப்பி கொண்டுவரும் புன்னைக்காயல் படகுக்காரர் ஜோன்ஸ், ஒருநாள் தொட்டியில் விரலை நனைத்து முகர்ந்தார்.

"டீச்சர், இது எந்தத் தண்ணி?"

"கரையில எடுத்ததுதான் அண்ணாச்சி. வடிகட்டியிருக்கு."

"காத்துக் காலத்துல கரைத்தண்ணி பூரா சேறுல்லா! எத்தன வாட்டி வடிச்சாலும் ஆகாது. நடுக்கடல்ல சிப்பி கெடக்குத பாறை, அந்தப் பார்ல இருந்தே நான் கொண்டாரேன்."

மறுநாளிலிருந்து கேன் கேனாகக் கடல்நீர் வந்து இறங்கியது. நாற்பது நாளில், கடல் கொந்தளித்த இரண்டு நாள்தான் அவர் வரவில்லை.

அந்தத் தண்ணீரில் கருக்கள் மூன்றாம் நாளைத் தாண்டின. பன்னிரண்டாம் நாள், மணல்துகளைவிடச் சிறிய குஞ்சின் விளிம்போடு நூல் ஓட்டினாற்போலப் பச்சை தெரிந்தது. அடுத்தடுத்துப் பார்த்த முப்பது குஞ்சுகளிலும் அதே பச்சை, அதே இடத்தில்.

ஜோன்ஸைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்க வைத்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இந்த ஓரந்தான் முத்து வைக்குமா டீச்சர்?"

"ஆமா அண்ணாச்சி. எல்லாம் ஒரே செல்லுல இருந்து வந்தது."

அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

ஆய்வேடு அச்சாகி வந்ததும் ஈவாஞ்சலின் புன்னைக்காயலுக்கே போனாள். நன்றிப் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். செல்வினுக்கு அடுத்ததாக அவர் பெயர் இருந்தது.

"தண்ணி தூக்குனதுக்கா இது?"

"அந்தத் தண்ணி இல்லன்னா இதுல ஒரு எழுத்துகூட இல்ல அண்ணாச்சி."

ஜோன்ஸ் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை இரு கையாலும் வாங்கினார்.