எந்த இல்லை?

டிப்போ அக்காவை யாரும் எந்தப் பதவியிலும் நியமிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு வந்த அதிகாரிகள் ஆளாளுக்குத் தாங்கள்தான் நியமித்ததாகப் பேசிக்கொண்டார்கள். சண்டை ஓய்ந்த மூன்றாம் நாள், வீடுவாசலை விட்டு ஓடிவந்த ஜனம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அடைந்து கிடந்தபோது தண்ணீர் லாரி வந்தது. குடமும் வாளியுமாக நாலு பக்கமிருந்தும் பாய்ந்தார்கள். ஒரு அம்மாளுக்கு விரல் நசுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க இவளால் முடியவில்லை. வகுப்பறையிலிருந்து சாக்பீஸை எடுத்துவந்து தரையில் இரண்டு கோடு கிழித்தாள். "இந்தக் கோட்டுல குடம், அந்தக் கோட்டுல வாளி. கோட்டைத் தாண்டினா லாரி கிளம்பிடும்" என்று ஒரு போடு போட்டாள். லாரிக்காரருக்கே அது புதுச் செய்தி. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தார்.

மறுவாரம் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து, "இங்க பொறுப்பு யாரு?" என்று கேட்டார். கூட்டமே அவளைக் கைகாட்டியது. அன்றிலிருந்து அரிசி மூட்டை, கொசுவலை, கழிப்பறை முறை, காய்ச்சல்காரர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று எல்லாம் அவள் தலையில் விடிந்தது.

அதற்கு முன் பத்தொன்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவள் அவள். டிப்போ எரிந்தபோது அவளும் புருஷனும் ஒரு பையும் ஒரு தையல் மெஷினுமாகத்தான் வந்துசேர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வகத்தில் பாதி அவர்களுக்கு வீடு. சோதனைக் குழாய் கழுவும் தொட்டியில் பாத்திரம் கழுவினாள். நீள மேசையில் மெஷினை வைத்து அவள் புருஷன் தார்ப்பாய்களுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருப்பார். "உனக்குக் கால்ல சக்கரம் கட்டித்தான் பெத்தாங்களா? ஒரு வாய் சோத்தையாவது உக்காந்து தின்னேன்" என்பார். "நான் உக்காந்தா இந்த இடமே உக்காந்துடுமுங்க" என்பாள் அவள். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது, இல்லாமல் என்ன?

டிப்போப் புத்தி அவளை விடவில்லை. மனிதர்களைக்கூட முகாமில் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்த அட்டையின் எண்ணை வைத்துத்தான் கூப்பிட்டாள், பஸ்ஸைக் கூப்பிடுவதுபோல. ஐந்தாம் வகுப்பறையில் இரண்டு பிள்ளைகளோடு இருந்த பம்புசெட் மெக்கானிக்கின் மனைவிக்கு எண்பத்தெட்டம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது.

பதிவு எடுத்த நாட்களில் ஆளாளுக்கு ஆதியோடந்தமாகக் கதை சொன்னார்கள். கேட்டு மாளவில்லை. வரிசை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. "கதையெல்லாம் அப்புறம். வீட்டுக்காரர் இருக்காரா, இல்லையா? ஒரே வார்த்தை" என்று சட்டம் போட்டாள் அக்கா. டிப்போப் பதிவேட்டில் நேரத்துக்கு வராத பஸ்ஸுக்கு எதிரே 'இல்லை' என்று எழுதுவார்கள். டயர் பஞ்சராகியிருக்கலாம், டிரைவர் எங்கேயாவது டீ குடித்துக்கொண்டிருக்கலாம், எப்படியும் வந்துசேரும். இனி வரவே வராத பஸ்ஸுக்கு 'நீக்கம்' என்று வேறு சொல் உண்டு. அந்த நினைப்பில்தான் அவள் பக்கம் பக்கமாக 'இல்லை' என்று எழுதித் தள்ளினாள். ஒரே நாளில் பதிவு முடிந்தது. அதிகாரி பாராட்டினார்.

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து பட்டியல் வந்தது. வியாழக்கிழமை எட்டு மணிக்கு பஸ்கள் வரும், பட்டியலில் உள்ள குடும்பங்கள் ஒரு நாள் பயணத் தூரத்தில் கட்டியிருக்கும் புது வீடுகளுக்குப் போகலாம். வீடு என்ற வார்த்தையைக் கண்டதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கைப் பிடித்து, மைதானத்தில் கூடியிருந்தவர்களுக்குத் தலைப்பிலிருந்து கடகடவென்று வாசித்தாள். "கணவரை இழந்தோர் குடும்பங்கள். அட்டை எண் மூணு, ஏழு, பதினாலு..." எண்பத்தெட்டையும் வாசித்தாள்.

வாசித்து முடிப்பதற்குள் எண்பத்தெட்டம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டாள். பின்னாலேயே பத்து வயது மகளும் ஆறு வயது மகனும்.

"யாரைக் கேட்டு என் வீட்டுக்காரரைச் சாகடிச்சீங்க?"

மைக் திறந்தே இருந்ததால் அது மைதானம் முழுக்கக் கேட்டது. அக்கா பட்டியலைப் புரட்டினாள். தான் எழுதிய 'இல்லை'கள் எல்லாம் வரிசையாகச் செத்துக் கிடந்தன.

அடுத்த நிமிஷம் காலி தண்ணீர் லாரியில் ஏறித் தலைமை அலுவலகத்துக்குப் போனாள். பட்டியலைத் தட்டச்சு செய்தவர் கண்ணாடிக் காம்பை நூலால் கட்டிக் காதில் மாட்டியிருந்த ஒரு பெரியவர். அவள் கத்தியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க 'வீட்டுக்காரர் இல்லை'ன்னு எழுதி அனுப்பினா நான் என்னம்மா அடிப்பேன்? எங்க வீட்லயும்தான் அப்பா இல்லை. அவர் என்ன கடைக்கா போயிருக்காரு?"

எத்தனை குடும்பம் என்று கேட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு என்றார்.

"அப்போ காணாமப்போனவங்க தேடல் பட்டியல்ல இவங்க பேரெல்லாம் இல்லையா?"

"செத்தவங்களை எதுக்கும்மா தேடுவாங்க?"

நாலு மாதமாக ஒவ்வொரு முகாமிலும் பலகையில் பெயர் ஒட்டி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்து, காணாமல்போன ஆட்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். தன் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஒரு ஆள்கூடத் திரும்பி வரவில்லையே என்று அவள் தேடல்காரர்களைத் திட்டாத நாள் இல்லை. இங்கிருந்து ஒரு பெயர்கூட அவர்களுக்குப் போகவில்லை. போகவிடாமல் செய்தது அவளுடைய ஒரே வார்த்தைச் சட்டம். லாரிக்காரர் பக்கத்தில் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் திரும்பும் வழி முழுக்க அழுதாள்.

கிளம்புமுன் அதிகாரியையும் பார்த்திருந்தாள். அவர் கறாராகச் சொல்லிவிட்டார். "பஸ்ஸை நிறுத்த முடியாது. வியாழக்கிழமை காலையில நானே வருவேன். அதுக்குள்ள திருத்தினா திருத்தினதுதான். திருத்தாதது அப்படியே போகும்." அப்படியே போனால் அந்தக் குடும்பம் புது வீட்டில் இருக்கும், அவர்களுடைய ஆள் எந்த ஆஸ்பத்திரியிலாவது கிடப்பான், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் செத்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

செவ்வாய் மத்தியானமே அறை அறையாகத் தொடங்கினாள். முதல் காரியமாக, யாரையும் கேட்காமலேயே எண்பத்தெட்டுக்கு எதிரே 'தேடப்படுபவர்' என்று திருத்தினாள். எண்பத்தெட்டம்மாவிடம் போய் நிற்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. மற்றவர்களிடம் கேட்டாக வேண்டும், ஆனால் எப்படிக் கேட்பது? உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டால் ஒரு மாதிரி இருந்தது. செத்துவிட்டாரா என்று கேட்டால் வாய் கூசியது. கடைசியில், "அன்னைக்கு இல்லைன்னு சொன்னீங்களே, அது எந்த இல்லைம்மா?" என்று கேட்டாள். எல்லோருக்கும் புரிந்தது. அதுதான் அவளைக் குத்தியது, கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

நூற்றுமூன்றாம் அட்டையில் புருஷனே வெளியே வந்தார். பதிவு எடுத்த அன்று முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தாராம்.

"அப்போ நாலு மாசமா நான் ஒரு செத்த மனுஷனுக்கா சோறு போட்டேன்?" என்றாள் அவர் மனைவி.

"அதான் அரிசி ஒரு ஆளுக்குக் கம்மியா வந்துச்சா! நான்கூட இவதான் ஒளிச்சு வைக்கிறான்னு நெனச்சேன்" என்றார் செத்தவர்.

அறையே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டாள், சிரித்த கையோடு அவர்களைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

எல்லா அறையிலும் சிரிப்பு வரவில்லை. சிலர் கேள்வி முடியுமுன்னே தலையசைத்து, பட்டியலில் எழுதியது சரிதான் என்றார்கள். சிலர், "தெரியலக்கா. ஆத்தைத் தாண்டும்போது கை விட்டுப்போச்சு" என்றார்கள். அவர்களிடம் உயரம், தழும்பு, போட்டிருந்த சட்டை, கடைசியாகப் பார்த்த இடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதினாள். ஆதியோடந்தமாகவே சொன்னார்கள். புதன்கிழமை சாயங்காலம் தொண்ணூற்றுநாலு பெயர் தேடல் பட்டியலுக்குத் தேறியது. அவள் புருஷன் மெஷினை மூடிவைத்துவிட்டு, அவள் சொல்லச் சொல்ல நல்ல பிரதி எழுதினார். "உன்கிட்ட ஒரே வார்த்தையில பதில் சொல்லி நானும் இத்தனை வருஷம் தப்பிச்சுட்டேன்" என்று கிண்டல் செய்து பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்து பஸ்கள் வந்து நின்றபோது, விவரம் எழுதாத பெயர் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. உயரம் தழும்பு இல்லாமல் தேடல் மேசையில் வாங்கமாட்டார்கள். வேறு வழியில்லாமல் அக்கா ஐந்தாம் வகுப்பறைக்குப் போனாள். பிள்ளைகள் வெளியே பஸ்ஸை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்தெட்டம்மா பெஞ்சில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் பேரைத் தேடல் பட்டியல்ல சேத்துட்டேம்மா. நான் பண்ணினது தப்புதான். கடைசியா அவரை எங்க பாத்தீங்க?"

எண்பத்தெட்டம்மா ஒரு சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"தேட வேண்டாங்க்கா. நான்தான் மண்ணு போட்டேன்."

அக்காவுக்கு எதுவும் புரியவில்லை. "பின்ன அன்னைக்கு மைக் முன்னாடி..."

"நீங்க எழுதினது பொய்யுன்னு நான் சொல்லலியே. யாரைக் கேட்டு எழுதினீங்கன்னுதான் கேட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "பதிவு எடுத்த அன்னைக்கு ரெண்டு பிள்ளைங்களும் என் மடியில இருந்தாங்க. இருக்காரா இல்லையான்னு நீங்க கேட்டீங்க. இல்லைன்னு சொன்னேன். நல்ல வார்த்தைக்கா அது. அதுக்குள்ள ஒளிஞ்சுக்கலாம். பிள்ளைங்க அதை அப்பா இங்க இல்லைன்னு எடுத்துக்கிட்டாங்க. நானும் விட்டுட்டேன். இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு நாலு மாசம். நீங்க மைக்ல சொல்லிட்டீங்க. மைக்ல சொன்னது தப்புன்னு அவங்ககிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

ஒருவர் வாயிலிருந்து வர வேண்டிய சொல்லைத் தான் பிடுங்கிக்கொண்டது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் என்னம்மா எழுதட்டும்?" என்றாள்.

"அவர் செத்துட்டாருன்னு எழுதுங்க. சம்சாரம் சொன்னான்னு எழுதுங்க." பிறகு, "வீடு வேணுங்க்கா. ஆனா பிள்ளைங்ககிட்ட சொல்லாம அந்த பஸ்ல ஏறமாட்டேன். கொஞ்ச நேரம் குடுங்க" என்றாள்.

அக்கா எழுதினாள். எண்பத்தெட்டம்மா வெளியே வந்து பிள்ளைகளை ஆளுக்கொரு கையில் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியின் மறுபக்கம் அழைத்துப் போனாள். அங்கிருந்து அவர்கள் தலை மட்டும்தான் தெரிந்தது. மணி எட்டரை ஆகிவிட்டது. அதிகாரி திருத்திய பட்டியலை வாங்கிக்கொண்டு ஜீப்பிலிருந்து கையை ஆட்டினார், புறப்படச் சொல்லி. முன்னே இருந்த பஸ்கள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டின. அக்கா கடைசி பஸ்ஸின் குறுக்கே போய் நின்றாள்.

டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். அவள் நகரவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"எல்லாரும் ஏறியாச்சுக்கா. யாருக்காக நிக்குது?"

தொட்டிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்டது.

"அவங்க அப்பாவுக்காக" என்றாள் அக்கா.

டிரைவர் எஞ்சினை அணைத்தார்.