சத்தத்துக்குப் பின்னால் வந்த படம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை முடிந்த வாரம் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் என்று சுற்றுவட்டாரத்தில் எடுக்கும் வீடியோக்களை வீட்டிலிருந்தே எடிட் செய்து கொடுப்பது என் வேலை.

அப்போது எனக்குத் தெரிந்த கேமராமேன் ஒருவர், தொழிற்பேட்டையில் உள்ள ஓர் இரும்புக் கம்பி ஆலைக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எடிட்டிங் என்னுடையது. அவருடைய புதுக் கேமராவின் வீடியோக்கள் என் பழைய கம்ப்யூட்டரில் திக்கித் திணறித்தான் ஓடின. நல்ல ப்ராசஸராகப் பார்த்து வேறு கம்ப்யூட்டர் வாங்கியே ஆகவேண்டும் என்ற நிலை.

அவர் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் ஆலையில் விபத்து. கிரேனில் தொங்கிய கம்பிக்கட்டு இறங்கி, கீழே நின்ற தொழிலாளியின் பாதம் நசுங்கிவிட்டது. ரிமோட்டைக் கையில் பிடித்துக் கிரேனை இயக்கியவர் எங்கள் எதிர்வீட்டு அக்காவின் கணவர். தான் நிறுத்தச் சொல்லிக் கத்தியும் அவர் கேட்காமல் இறக்கினார் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கட்டு தானாக இறங்கியது, தான் கிரேனை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அழுத்திய பிறகுதான் சூப்பர்வைசரின் குரலே வந்தது என்பது அக்காவின் கணவர் சொன்னது.

நடந்தது அத்தனையும் கேமராவில் பதிவாகியிருந்தது. வழக்கம்போல ஆலைக்கு ஒரு காப்பி, எனக்கு ஒரு காப்பி.

ஆலையில் அவரை விசாரிக்க இருந்ததற்கு முந்தின நாள் அக்கா வந்தார். "அதுல அவுரு கை நல்லா தெரியுதாமே. எனக்கு ஒரு தபா காட்டும்மா" என்றார். கணவர் சொன்னதைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது. போட்டேன்.

முதலில் "நிறுத்து, நிறுத்து" என்ற சூப்பர்வைசரின் குரல். அதற்கப்புறம்தான் கட்டு சரிந்து இறங்கியது. கடைசியில்தான் அவர் கட்டைவிரல் சிவப்புப் பட்டனுக்குப் போனது.

"இன்னொரு தபா போடு" என்றார் அக்கா. மறுபடியும் அதேதான். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்க்க முயன்றேன். திரை அப்படியே உறைந்துவிட்டது. அக்கா எழுந்தார். "அடுப்புல ஒல வெச்சிட்டு வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டில் பேச்சு உயர்ந்தது. பிறகு அடங்கிவிட்டது.

மறுநாள் காலை பாரமான மனதோடு திருவள்ளூருக்கு பஸ் ஏறினேன். அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் எனக்காக இரண்டு மெஷின்களைத் தயாராக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

"இதுல ப்ராசஸரோட கோர் ஜாஸ்தி, வெலையும் ஜாஸ்தி" என்று முதல் மெஷினைக் காட்டினார். "அதுல கோர் கம்மி. ஆனா வீடியோவப் பிரிச்சுப் படமாக் காட்டறதுக்குன்னே ப்ராசஸர் உள்ள தனியா ஒரு பாகம் இருக்குது. நான் சொல்றேன்னு வாங்காத. உன் ஃபைலையே போட்டுப் பாத்துக்கோ."

விலை அதிகமானதுதான் நல்லது என்று நானே முடிவு செய்து வந்திருந்தேன். கொண்டுபோன டிரைவில் அந்த ஆலையின் வீடியோக்கள் மட்டும்தான் இருந்தன. ராத்திரியெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்ததாலோ என்னவோ, கை தானாக அந்த விபத்து ஃபைலுக்குத்தான் போனது. முதல் மெஷினிலும் படம் திக்கியது. அதே வரிசை: குரல், கட்டு, விரல்.

இரண்டாவது மெஷினில் போட்டேன். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. கட்டு சரிந்தது. விரல் சிவப்புப் பட்டனை அழுத்தியது. அப்புறம்தான் குரல் வந்தது.

"இன்னாம்மா, மூஞ்சே மாறிப்போச்சு?" என்றார் கடைக்காரர். விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டுல எது நெசம்னு எத வெச்சு சொல்லுவ?" என்றார்.

நியாயமான கேள்வி. எனக்கு வேண்டிய பதிலைத் தருகிறது என்பதற்காக இரண்டாவதை நம்பிவிட முடியுமா? வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டேன். விபத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஓர் ஓரத்தில் ஒருவர் இரும்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். முதல் மெஷினில் "டங்" என்று சத்தம் கேட்டபோது சுத்தியல் இன்னும் தலைக்கு மேலே இருந்தது. இரண்டாவதில் சுத்தியல் தகட்டைத் தொட்டதும் சத்தம் வந்தது. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தியும் பார்த்துவிட்டேன். சந்தேகமே இல்லை. முதல் மெஷினின் ப்ராசஸராலும் என் வீட்டுக் கம்ப்யூட்டராலும் படத்தை அத்தனை வேகத்தில் பிரிக்க முடியவில்லை. சத்தம் முன்னால் போய்விட, படம் பின்தங்கி வந்திருக்கிறது.

அக்காவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது முறைதான் எடுத்தார்.

"அவுரு ஆலைக்குப் போயிட்டாரும்மா. தப்ப ஒத்துக்கினு எழுதிக் குடுத்துடு, மனசு எறங்குவாங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். அவுருக்கே இப்ப சந்தேகம் வந்துடுச்சு. நான்தான் லேட்டா அமுக்கினேனோ என்னமோன்னு சொல்லிகினே போறாரு."

அவர் கைபேசி வழக்கப்படி ஆலை வாசலில் வாங்கி வைக்கப்பட்டிருக்கும். உள்ளே தகவல் சொல்ல வழியில்லை. "அக்கா, அவர் கையெழுத்துப் போடக் கூடாது. வாசலுக்கு ஓடுங்க, வீடியோ அனுப்புறேன்" என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமலே அக்கா கிளம்பிவிட்டார்.

எந்த போனிலும் சரியாக ஓடும்படி அந்தத் துண்டை மட்டும் சாதாரண வடிவத்துக்கு மாற்றினேன். அனுப்பும் நேரத்தில் விரல் தயங்கியது. ஆலையின் வீடியோவை வெளியே விடுவது சாதாரண விஷயமில்லை. என் வேலை போகலாம், கேமராமேனின் பெயரும் கெடலாம். கடைக்காரர் தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு என் பக்கம் நகர்த்தி வைத்தார். அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. அக்கா வாசலில் செக்யூரிட்டியிடம் கெஞ்சியதும், அவர் விடாமல் போகவே உள்ளே நுழைந்த லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டதும் எனக்குப் பிறகுதான் தெரியும். சத்தம் கேட்டு ஆலையின் பாதுகாப்பு அதிகாரி வெளியே வந்து, வீடியோவைப் பார்த்துவிட்டு அக்காவின் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"எடிட் பண்றவங்க நீங்க. நீங்க அனுப்பினத நான் எப்படிம்மா நம்பறது?" என்றார். குரலில் கோபம் இருந்தது.

"நான் அனுப்பினத நம்ப வேணாம் சார். உங்க காப்பிய உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே போடுங்க. மொதல்ல ஒருத்தர் சுத்தியலால தட்டுறார், சத்தம் அடி விழறப்ப வருதா, அதுக்கு முன்னாடியே வருதான்னு மட்டும் பாருங்க" என்றேன்.

லைனைத் துண்டிக்காமலே நடந்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ எதையோ வாசித்துக்காட்டிக் கொண்டிருந்தார்கள். பிறகு தூரத்தில் "டங்" என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடியும் "டங்". "சுத்தியல் மேல இருக்கறப்பவே சத்தம் வந்துடுதே" என்றார் அதிகாரி.

பிறகு அவர் யாரிடமோ சொல்வது கேட்டது: "அந்தப் பேப்பர்ல அவர்கிட்ட கையெழுத்து வாங்காதீங்க. கிரேனைத் தொடாம அப்படியே நிறுத்தி வைங்க."

நான் கடை நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கிரேனைச் சோதித்தபோது பிரேக் தேய்ந்துபோயிருந்தது தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் பழையபடி வேலைக்குப் போனார். காலில் அடிபட்டவர் குணமாகி, உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாறினார். அந்த இரண்டாவது மெஷினைத்தான் வாங்கினேன்.

சில நாள் கழித்து அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் கண்ணால பாத்தேன், நீதான் பண்ணினன்னு அவுரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்மா. அவுரு அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. கேட்டு நாலு திட்டு திட்டியிருந்தா தேவலாம்" என்றார்.

நல்ல ப்ராசஸர் என்றால் வேலை சீக்கிரம் முடியும் என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு நொடி பிந்தி வந்த படம் ஒரு மனிதரைத் தன் நினைவையே சந்தேகப்பட வைத்ததைப் பார்த்த பிறகு, யாரைப் பற்றியும் இவர்தான் செய்தார் என்று சட்டென்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வருவதில்லை.