சாம்பலில் கிடந்த சிங்கங்கள்

1984 ஆடி மாதம். காலை ஆறு மணிக்கு உடுப்பிட்டியிலிருந்து கீரிமலைக்குப் புறப்பட்டோம். கரையோர வீதியால் ஏறக்குறையப் பதினைந்து மைல்கட்டை. கார்க்காரர் போகவர நூறு ரூபாய் கேட்டார். பின் சீற்றில் இராசம்மா அக்கா மண்முட்டியை மடியில் வைத்திருந்தார். உள்ளே அவருடைய கணவரின், எங்கள் அண்ணையின், சாம்பல். அதைச் சாம்பல் என்று சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது.

அண்ணையும் நானும் ஒரே அரசாங்கக் கந்தோரில் பியோன்கள். எங்கள் காக்கிச் சட்டையின் பித்தளைப் பொத்தான்களில் அரசாங்கச் சின்னம் இருக்கும்: வாளேந்திய சிங்கம், சுற்றிலும் தாமரை இதழ், உச்சியில் சக்கரம். “இதைப் போட்டால் ஒருத்தனும் தொடமாட்டான்” என்பார் அண்ணை. போன வருட ஆடிக் கலவர நேரம் அந்தச் சட்டையோடு கொழும்புக்குக் கடிதப் பை கொண்டுபோனவர் திரும்பவில்லை. ஒரு வருடம் தேடிக் களைத்தபின், உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோலத் தர்ப்பையில் உருவம் செய்து, வீட்டிலிருந்த மாற்றுச் சட்டையைப் போட்டு எரித்தோம். பொத்தான்களை, எங்கள் பேச்சில் தெறிகளை, கழற்றச் சொன்னேன். அக்கா விடவில்லை.

“தெறி பூட்டாமல் அவர் படலை தாண்டினதில்லை.”

மறுநாள் காடாற்றிச் சாம்பல் அள்ளப் போனால், எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து சிங்கங்கள் கிடந்தன.

ஆறேகாலுக்குத் தொண்டைமானாற்றுப் பாலம் தாண்டினோம். பலாலிக்குக் கிட்ட இராணுவம் மறித்தது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்தார். அவருடைய சட்டைக் கையிலும் அதே சின்னம் தைத்திருந்தது. முட்டிக்குள் கைவிட்டு ஒரு பொத்தானை எடுத்தார்.

“யார் இது?” அரைகுறைத் தமிழில் கேட்டார்.

“என்ரை மனிசன், ஐயா.”

பறித்து வைத்துக்கொண்டால் அக்காவுக்குக் கரைக்க வெறும் சாம்பல்தான் மிஞ்சும். அவர் பொத்தானைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். சட்டென்று அதை முட்டிக்குள் போட்டுவிட்டு விரல்களைச் சட்டையிலேயே துடைத்தார். சாம்பல் அவருடைய சிங்கத்தின் மேல் அப்பியது. “போ” என்றார்.

கார் நகர்ந்ததும் அக்கா சொன்னார்: “அவரிலை கொஞ்சம் உவனோடை போயிட்டுது.”

கீரிமலையில் சாம்பல் கரைந்துபோயிற்று. பொத்தான்கள் போகவில்லை. முழங்கால் தண்ணீரில், அலை வந்து திரும்பியும் அசையாமல், எங்களையே பார்த்தபடி கிடந்தன. அக்கா குனிந்து பேசினார்.

“போங்கோவன். இனி உங்களுக்குக் கந்தோர் இல்லை.”

கேணியில் தலை முழுகிவிட்டுத் திரும்பும்போது இராணுவம் மறித்த இடத்தில் ஆளையே காணவில்லை. முள்ளுக்கம்பியில் ஒரு சட்டை மட்டும் கை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. சின்னம் தைத்த கையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. கார்க்காரர் வேகத்தைக் கூட்டினார்.

வீட்டில் என் சட்டை ஆணியில் தொங்கியது. மனைவி தோய்த்து, அயன் பண்ணி, எல்லாப் பொத்தானையும் பூட்டியிருந்தாள். ஆள் மட்டும்தான் உள்ளே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

“உந்தத் தெறியளை வெட்டி எடு.”

“ஏனப்பா? பிறகு என்னத்தைப் பூட்டுறது?”

“எரியிற தெறியாப் பார்த்துத் தைச்சு விடு” என்றேன்.