ராக்கர் ஆர்ம் மாற்றினால் யாருக்கு லாபம்?

போன திங்கட்கிழமை காலை, புனே–மும்பை எக்ஸ்பிரஸ் வேயில், லோனாவ்லாவுக்குக் கொஞ்சம் முன்னால், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற சிவப்பு காரை உங்களில் யாராவது பார்த்திருந்தால்... அதன் பக்கத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றது நான்தான்.

கார் என் மச்சினன் முரளியுடையது. கோயமுத்தூர்ப் பையன், புனேயில் ஹிஞ்சவடிப் பக்கம் சாஃப்ட்வேர் வேலை, வாகட்டில் எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே மேல் மாடியில் குடித்தனம். தங்கமான மாப்பிள்ளை என்று ஊரே சொல்லும். நானும் சொல்வேன். காரைப் பற்றிப் பேசாதவரை.

பழைய சின்னக் கார் அது. வாங்கிய கையோடு சைலன்சரை மாற்றினான். தெரு நாய்கள் இடம் மாறின. பிறகு கேம் ஷாஃப்ட். வால்வு ஸ்பிரிங். எல்லாம் முடிந்தது என்று என் மனைவி நிம்மதிப் பெருமூச்சு விட்ட வாரம்தான் அடுத்தது ஆரம்பித்தது... ரோலர் ராக்கர் ஆர்ம்!

ராக்கர் ஆர்ம் என்றால் என்ன? எனக்கும் தெரியாது. முரளி சாப்பாட்டு மேஜையில் ஸ்பூனை வைத்து விளக்கினான். இன்ஜினுக்குள் இருக்கும் சீசா பலகை மாதிரியாம். ஒரு பக்கம் கேம் அழுத்தினால் மறுபக்கம் வால்வைத் திறக்கும். அதில் ஒரு சின்ன உருளையைப் பொருத்திவிட்டால் உராய்வு குறையும், பவர் கூடும்.

"கம்பெனி கொடுத்தது நல்லாத்தானே இருக்கு, மாப்ள?"

"நல்லாத்தான் இருக்குங்க மச்சான். ஆனா இன்னும் நல்லா இருக்கலாமுங்களே!"

இந்த ஆளை என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள்.

பிம்ப்ரியில் காதர் பாய் என்று ஒருவர். வாணியம்பாடிக்காரர், கராஜ் வைத்திருக்கிறார். அவராவது நாலு வார்த்தை புத்தி சொல்வார் என்று நம்பிக் கூடப் போனேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "போட்டா அச்சா இருக்கும் தம்பி. போடலேன்னாலும் அச்சாதான் இருக்கும்."

முரளி முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான்.

மாட்டியாயிற்று. என்னை ஏற்றிக்கொண்டு ஹிஞ்சவடி ரோட்டில் ஒரு ரவுண்டு.

"பிக்கப் தெரியுதுங்களா மச்சான்?"

"ஏசியை அணைச்சு வச்சிருக்கே. வேர்க்குறது தெரியுது."

"அஞ்சாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல போனாத்தான் தெரியுமுங்க!"

முன்னால் ஒரு கம்பெனி பஸ், பக்கவாட்டில் ஆட்டோக்கள், நடுவில் சாவகாசமாக ஒரு எருமை. நாங்கள் இரண்டாவது கியரைத் தாண்டவேயில்லை.

சரி, இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். திங்கட்கிழமை விஷயம் அப்படியல்ல.

முரளியின் மனைவி கவிதா மைக்ரோபயாலஜி படித்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். பிறகு எத்தனையோ அப்ளிகேஷன் போட்டும் ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. கடைசியில் ஒரு மருந்துக் கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது, மும்பை தலைமை ஆபீசுக்கு. குழந்தையை என் மனைவியிடம் விட்டுவிட்டு மூவரும் கிளம்பினோம். எனக்கும் மும்பையில் ஒரு வேலை இருந்தது. பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

எக்ஸ்பிரஸ் வே காலியாக இருந்தது. முரளிக்குக் கேட்கவா வேண்டும்? அஞ்சாயிரம் என்ன, அதற்கு மேலேயும் முள் போனது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... கார் பறந்தது. கவிதாவே சிரித்தாள்.

அப்புறம் டக்... டக்... டக்... தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். வண்டி உதறியது. நின்றது.

முரளி பானெட்டுக்குள் தலையை விட்டான். வெளியே எடுக்கவில்லை.

"ஏனுங்க, வண்டி போகுமா, போகாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றாள் கவிதா.

"ராக்கர் ஆர்ம்ல லாக் நட்டு லூசாயிருச்சு. அது பாத்தீன்னா..."

அவள் கேட்க நிற்கவில்லை. சர்டிபிகேட் பையை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய்க் கையை நீட்டினாள். மும்பைப் பக்கம் எங்கோ கல்யாணத்துக்குப் போகும் குடும்பம் ஒன்று ஜீப்பை நிறுத்தியது. ஏற்கெனவே நெரிசல். "காய் ஜாலா, தாயி?" என்று, என்ன ஆச்சென்று மராத்தியில் விசாரித்துக்கொண்டே, பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண்மணி மடியிலிருந்த தாம்பாளத்தைக் கணவர் தலையில் வைத்துவிட்டு இடம் கொடுத்தார். கவிதா ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜீப் மறைந்ததும் முரளி சொன்னான்: "நட்டுதானுங்க மச்சான் பிரச்சினை. ரோலர்ல ஒரு குறையும் இல்ல."

"டேய்! வாயை மூடு!"

நான் அவனை 'டேய்' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் பம்பர் மேல் உட்கார்ந்துவிட்டான். கையெல்லாம் கிரீஸ். "ரெண்டு வருஷமா இந்த ஒரு கால் லெட்டருக்குத்தான் காத்துட்டிருந்தா... நானே கெடுத்துப்போட்டேனா?" அதற்கு மேல் எப்படித் திட்டுவது?

மத்தியானம், பிம்ப்ரிக்குக் கட்டி இழுத்து வரும் வழியில், அவன் செல்போன் அடித்தது. கவிதாதான். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். ஜீப்பில் இருந்த பெண்கள் அவிழ்ந்த தலையைப் பின்னி, கல்யாணத்துக்கு வைத்திருந்த பூவையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வேலை கிடைத்துவிட்டது. அதுவும் பிம்ப்ரி ஃபாக்டரி லேபில்!

ஆக, ராக்கர் ஆர்ம் மாற்றினால் பலன் உண்டா? உண்டு, ரேஸ் டிராக்கில். பால் வாங்கவும் ஆபீஸ் போகவும் ஓடுகிற வண்டிக்கு? நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக்கக் கிளம்புகிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. அந்த வண்டியில் வேறு சிலரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பழைய ராக்கர் ஆர்ம்களையே திரும்ப மாட்டச் சொல்லிவிட்டான் முரளி. எனக்கு நம்பவே முடியவில்லை. திருந்திவிட்டான் என்றே நினைத்தேன்.

நேற்று கவிதாவுக்கு முதல் நாள் வேலை. ஃபாக்டரி பஸ் எங்கள் கேட்டிலேயே வந்து நின்றது. அவள் ஏறிக் கையசைத்தாள். நானும் முரளியும் கையசைத்தோம். பஸ் நகர்ந்ததும் அவன் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தான்.

"மச்சான், அந்த பஸ்ஸுக்கு டர்போ வச்சா சூப்பரா இருக்குமுங்க!"